மரிவிக் பரிசு வாங்கிய கதை

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய தேர்வில் மூன்றாவது தடவையும் தோற்றுப்போன இரண்டாவது மாதத்தில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஆனந்தவள்ளிக்கு மரிவிக்கிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. தில்லைநகரில் கோச்சிங் வகுப்பு முடிந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள் அவள்.

"ஜெயிச்சுட்டேன் ஆனந்தா. முதல் பரிசு. இது உன்னுடையதும்தான்" என்று எழுதியிருந்தாள் மரிவிக். கீழே ஒரு கோப்பு இணைத்திருந்தாள்.

ஆனந்தவள்ளிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிலிப்பைன்ஸில், தாவோ நகரத்தில் மருத்துவம் படித்த காலம் முழுக்க அவளோடு ஒரே அறையில் இருந்தவள் மரிவிக். பகலில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, மிச்ச நேரமெல்லாம் கதை எழுதுவாள். அந்த நாட்டில் எழுத்தாளர்களுக்கென்று ஒரு பெரிய தேசியப் பரிசு உண்டு. கதையில் எழுதியவர் பெயர் இருக்கக்கூடாது. பெயரைத் தனியாக ஒட்டி மூடிய உறையில் வைத்து அனுப்ப வேண்டும். யார் எழுதியது என்று தெரியாமலே நடுவர்கள் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். ஒரு தடவை வாங்கியவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பரிசையும் சேர்த்தே பேசுவார்கள். மரிவிக் அதற்கு ஆறு வருடம் அனுப்பி ஆறு வருடமும் தோற்றவள். முடிவு வரும் வாரத்தில் அவளுக்குச் சோறு இறங்காது. அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தது ஆனந்தவள்ளிதான்.

வாழ்த்து அனுப்பினாள். விழா எப்போது என்று கேட்டாள். நவம்பரில், மணிலாவில், பெரிய ஓட்டலில் என்று பதில் வந்தது. அப்புறம்தான் கோப்பைத் திறந்தாள். கதை பிசாயா மொழியில் இருந்தது. தாவோவில் நோயாளிகளிடம் பேச அந்த மொழி இல்லாமல் முடியாது என்பதால் அவள் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். தலைப்பு, எண்பத்தாறு. முதல் வரியை மெல்லப் படித்தாள். அம்மாவின் விரலில் மாட்டிய கருவியை மகள் பார்த்தாள், பார்த்துவிட்டு வேறொரு எண்ணைச் சொன்னாள் என்று இருந்தது.

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை. அம்மா மண்டபம் நிறுத்தத்தில் அவள் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து, "எறங்கலியாம்மா?" என்று கேட்டபோதுதான் எழுந்தாள்.

*

கொரோனாவின் இரண்டாம் அலையில் நடந்தது அது. கல்லூரியை மூடிவிட்டதால் ஆனந்தவள்ளி தொட்டியத்தில் வீட்டிலிருந்தபடி கணினியில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மாசிக்கு வாழைத் தோட்டம். அண்ணன் வீரமலை சொந்தமாக லோடு வேன் வைத்து வாழைத்தார் ஏற்றிக் காந்தி மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் "அம்மாசி மக டாக்டருக்குப் படிக்குதுல்ல, அதைக் கேளு" என்பார்கள். அவளும் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மா ராசாத்திக்குக் காய்ச்சல் வந்து ஆறாம் நாள். எதிர்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் பிளாஸ்டிக் உறையில் திரும்பி வந்ததை ராசாத்தி கண்ணால் பார்த்திருந்தாள். "என்னை அங்க மட்டும் கொண்டுபோயிறாதடி. நீதான் இருக்கேல்ல" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் விரலில் மாட்டிய ஆக்சிஜன் பார்க்கும் கருவி எண்பத்தாறு காட்டியது. கருவி கெட்டிருக்குமோ என்று ஆனந்தவள்ளி தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை.

"எவ்ளோடி?" என்று அம்மா கேட்டாள்.

"தொண்ணூத்தி நாலும்மா. பரவால்ல" என்றாள்.

அப்பாவிடமும் அதையே சொன்னாள். அண்ணனிடமும் அதையே சொன்னாள். குப்புறப் படுக்க வைத்தால் ஏறிவிடும் என்று படித்திருந்தாள். ஏற்றிவிடலாம் என்று நம்பினாள். மறுநாள் காலையில் எழுபத்தெட்டுக்கு வந்தபோதுதான் அண்ணனை எழுப்பி ஆக்சிஜன் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும் என்றாள். நூற்றெட்டில் மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். வீரமலை வேனை எடுத்துக்கொண்டு முசிறிக்குப் பறந்தான். அங்கே இருந்த வண்டி வேறு ஆளை ஏற்றிப் போயிருந்தது. திருச்சிவரை போய், வழியில் ஊரடங்குத் தடுப்புகளில் நின்று நின்று, ஒரு வண்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு அவன் வந்து சேர்ந்தபோது அம்மா போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று அப்பா, யாரிடமோ பேசுவதுபோல, வேனிலேயே பாயைப் போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். வீரமலைக்கு அது போதுமாக இருந்தது. அந்த மாதமே வேனை விற்றுவிட்டான். இரண்டு இடத்திலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். இரண்டு தடவையும், "என் கையில இன்னொரு உசுர ஒப்படைக்காதீங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டான். தோட்டத்து வேலை, வீடு, அவ்வளவுதான். அப்பாவும் அவனும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டே நான்கு வருடம் ஆகிவிட்டது.

தான் சொன்ன எண்ணைப் பற்றி ஆனந்தவள்ளி வாயைத் திறக்கவில்லை. முதலில் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அப்புறம் எந்த நாளும் அதற்கு ஏற்ற நாளாக அமையவில்லை. கல்லூரி திறந்து தாவோவுக்குத் திரும்பிப் போன பிறகு, மரிவிக் சொந்தத் தீவுக்கு லீவில் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறையில் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் போனில் பேசிப் பதிவு செய்து அவளுக்கு அனுப்பினாள். இருபத்து மூன்று நிமிடம். உலகத்தில் இதைத் தெரிந்த இன்னொரு உயிர் மரிவிக் மட்டும்தான்.

*

கதையைப் படித்து முடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பெயர்களை மாற்றியிருந்தாள் மரிவிக். ஆனால் தாவோவில் படிக்கும் இந்தியப் பெண், ஆற்றங்கரை வாழைத் தோட்டம், வேன் ஓட்டும் அண்ணன், பாய், தடுப்புகள் என்று எதையும் விடவில்லை. நன்றாக எழுதியிருந்தாள். அதுதான் ஆனந்தவள்ளிக்குத் தாங்கவில்லை. அவளே இத்தனை நாள் திரும்பிப் பார்க்காத இடங்களையெல்லாம் மரிவிக் நின்று நிதானமாகப் பார்த்திருந்தாள்.

சனிக்கிழமை மரிவிக்கைப் போனில் கூப்பிட்டாள். கதையைத் திரும்ப வாங்கிக்கொள் என்று கெஞ்சினாள். மரிவிக் முதலில் விளையாட்டென்று நினைத்தாள். பிறகு ஆறு வருடம் ஆனந்தா, ஏழாவது வருடம், என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தீவிலிருக்கும் யாருக்கும் உன்னைத் தெரியாது, உன் ஊரில் யாருக்கும் எங்கள் மொழி தெரியாது என்றாள். கடைசியில்தான் அதைச் சொன்னாள்.

"நீதான் சொன்னே. பேசி முடிச்சிட்டு, உனக்கு எழுதத் தெரியும், இதை என்னால வெச்சுக்க முடியல, நீ எழுதி வெச்சுக்கோன்னு சொன்னே. உன் குரல்தான். நான் இன்னும் வெச்சிருக்கேன்."

சொன்னது ஆனந்தவள்ளிக்கு நினைவிருந்தது. அப்படிச் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் இப்போது நினைவில் இல்லை. எழுது என்று சொன்னாளா, பத்திரமாக வைத்துக்கொள் என்று சொன்னாளா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

உன் ஊரில் யாருக்கும் எங்கள் மொழி தெரியாது என்று மரிவிக் சொன்னது திங்கட்கிழமையே பொய்யாகிவிட்டது. பாலக்கரையைச் சேர்ந்த பிரான்சி அதே தாவோ கல்லூரியில் இரண்டு வருடம் பின்னால் படித்தவள். இப்போது கோச்சிங் வகுப்பில் ஆனந்தவள்ளிக்கு அடுத்த நாற்காலி. வகுப்புக்குள் நுழையும்போதே போனை நீட்டியபடி வந்தாள். பழைய மாணவர்கள் குழுவில் யாரோ அந்தக் கதையைப் போட்டிருந்தார்கள். நம்மூர்ப் பெண்ணைப் பற்றி அங்கே ஒருத்தி எழுதி அந்த நாட்டிலேயே பெரிய பரிசு வாங்கியிருக்கிறாள் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. தானே தமிழில் பெயர்க்க ஆரம்பித்துவிட்டதாகவும், உறையூரில் ஒரு சிற்றிதழ் நடத்தும் தன் மாமாவிடம் கேட்டாயிற்று, அடுத்த இதழில் போடச் சம்மதித்துவிட்டார் என்றும் சொன்னாள்.

"எந்த அக்காவா இருக்கும்க்கா? நம்ம காலேஜ்ல தமிழ்ப் பொண்ணுங்க நூறு பேருக்கு மேல இருந்தோம். ஆத்தங்கரை, வாழைத் தோட்டம்னு வருது. நம்ம பக்கமாத்தான் இருக்கும்."

வேண்டாம் என்றாள் ஆனந்தவள்ளி. தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். கதை அப்படியொன்றும் நன்றாக இல்லை என்றுகூடச் சொன்னாள். பிரான்சி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

அன்று பாடத்தில் நுரையீரல். ஆசிரியர் பலகையில் எழுதியது எதுவும் அவள் நோட்டில் ஏறவில்லை. வீரமலைக்கு வாசிப்புப் பழக்கம் இல்லைதான். ஆனால் தொட்டியத்தில் படிக்கிறவர்கள் இல்லையா? யாராவது ஒருவர் படித்துவிட்டு, இது ராசாத்தி கதை மாதிரி இருக்கே என்று டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் அதை அங்கே, நாலு பேர் நடுவில் நின்று கேட்பான். அந்தக் காட்சி அவள் கண்ணை மூடினாலும் வந்தது, திறந்தாலும் வந்தது. சாப்பாடு நின்றது. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் கண் நின்றது.

புதன்கிழமை வகுப்புக்குப் போகாமல் விடுதி அறையிலேயே இருந்து அவள் செய்த காரியத்தைப் பிற்பாடு அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பரிசு கொடுக்கும் அலுவலகத்தின் முகவரியைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் எழுதினாள். அந்தக் கதையை எழுதியது தான்தான் என்றும், அறைத்தோழி திருடித் தன் பெயரில் அனுப்பிவிட்டாள் என்றும் எழுதினாள். எப்படியாவது அந்தக் கதை வெளியே வராமல் நின்றால் போதும் என்ற ஒரே எண்ணம்தான் அவளிடம் இருந்தது. பரிசு நின்றால் பிரான்சியின் மாமாவும் பயந்து நிறுத்திவிடுவார் என்று கணக்குப் போட்டாள். அனுப்பிவிட்டுத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்தாள்.

இரண்டே நாளில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். புகாரைத் தீவிரமாக எடுத்துக்கொள்வதாகவும், விசாரணை முடியும்வரை அந்தப் பரிசை நிறுத்தி வைத்திருப்பதாகவும், கதை யாருடையது என்பதற்கான சான்றுகளை, கையெழுத்துப் படியோ கடிதங்களோ குரல் பதிவோ எதுவானாலும், இரண்டு தரப்பும் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். திருட்டு என்று முடிவானால் அந்த எழுத்தாளர் இனி எந்த வருடமும் இந்தப் பரிசுக்கு எழுத முடியாது என்பதையும் தெரிவித்திருந்தார்கள்.

அவளிடம் சான்று ஏது? ஒரு வரிகூட அவள் எழுதியதில்லை. உலகத்தில் இருந்த ஒரே சான்று மரிவிக்கின் போனில் இருந்தது. மரிவிக் அதை அனுப்பிவிட்டால், முன்பின் தெரியாத நடுவர்கள் ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தொண்ணூற்று நாலு என்று சொன்னேன் என்று அவள் அழுவதை அவள் குரலிலேயே கேட்பார்கள். எதை மூடி வைக்க அத்தனை பாடுபட்டாளோ, அதைத் தானே திறந்து மேசையில் வைத்துவிட்டாள்.

*

மரிவிக் மறுநாள் காலையில் கூப்பிட்டாள். ஆனந்தவள்ளி எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கம்மா விழாவுக்குன்னு துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துட்டாங்க" என்றாள் மரிவிக். "தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. இப்போ நிறுத்தி வெச்சிருக்குன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஆனந்தவள்ளி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"வரைவுத் தாள் எதையும் நான் வெச்சுக்கிறதில்ல, உன் குரல் மட்டும்தான் என்கிட்ட இருக்கு. அதை அனுப்பினா யார் எழுதினதுன்னு அவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். நான் அனுப்பப் போறதில்ல ஆனந்தா. அதை நீ எனக்கு மட்டும்தான் சொன்னே."

"அப்போ நீ..."

"பரிசு போகும். இனிமே எழுத விடமாட்டாங்க." பிறகு மரிவிக்கே தொடர்ந்தாள். "உன்னைக் கேக்காம அனுப்பினது தப்புதான். கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான் கேக்கல. ஆனா திருடினேன்னு எழுதிட்டியே. அதை மட்டும் நீ எழுதியிருக்க வேண்டாம்."

போனை வைத்ததும் ஆனந்தவள்ளி செருப்பு மாட்டாமல் விடுதியை விட்டு வெளியே வந்தாள். கால் அவளை அம்மா மண்டபத்துக்குக் கொண்டுபோனது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. படித்துறையில் யாரோ குடும்பத்தோடு பிண்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்க, மொட்டையடித்த ஒரு ஆள் தடுமாறித் தடுமாறித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். காவிரியில் தண்ணீர் நிறையப் போனது. கடைசிப் படியில் கால் நனைய உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரைப் பார்க்கப் பார்க்கத் தனக்கு என்ன தோன்றுகிறது என்பது பிடிபட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு எழுந்து, மேலே சாலைவரைக்கும் ஏறி வந்துவிட்டாள்.

அறைக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, அப்படியே சத்திரம் வந்து, தொட்டியம் பஸ்ஸில் ஏறினாள். முசிறி தாண்டும்வரை என்ன சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் நின்றபோது அதில் ஒரு வாக்கியமும் மிச்சமில்லை.

*

அப்பா சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து அடுப்படியில் தட்டை எடுத்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாளே, திரும்பவும் ஏதாவது பரீட்சையா என்று அப்பா கேட்டார். இல்லை, உட்காருங்கள், அண்ணனையும் வரச் சொல்லுங்கள் என்றாள். வீரமலை தட்டோடு வந்து கதவருகில் நின்றான்.

"அம்மாவுக்கு முந்தின நாளே கொறஞ்சிருச்சு" என்றாள் ஆனந்தவள்ளி. "தொண்ணூத்தி நாலுன்னு சொன்னேன்ல, அது பொய்யி. எண்பத்தாறு இருந்துச்சு. அன்னைக்கே கொண்டுபோயிருக்கணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். மரிவிக்கை, கதையை, பரிசை, தான் எழுதிய பொய்ப் புகாரை. பரிசு, புகார் எல்லாம் அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது. அவர்களுக்குப் புரிய வேண்டியது முதலிலேயே புரிந்துவிட்டது.

வீரமலை தட்டைத் தரையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

"நான் வண்டி எடுத்துக்கிட்டுக் கெளம்பும்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"அப்பா சொன்னாரே பதினாறாம் நாளு. அப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"நாலு வருசம்" என்றான் வீரமலை. அவளைத் தாண்டி வாசலுக்குப் போனான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். அவள் பின்னாலேயே ஓடி அண்ணே அண்ணே என்று கூப்பிட்டாள். அவன் வேகமாக நடக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வையம்பட்டியில் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று சாயங்காலம் மாமனே போன் செய்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவள் உள்ளே வந்தபோது அப்பா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் எதிரே உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவன் விட்டுப்போன தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"ராசாத்திக்குத் தெரியுமா?"

"இல்லப்பா. அம்மாகிட்டயும் தொண்ணூத்தி நாலுன்னுதான் சொன்னேன்."

"அப்பன்னா அன்னைக்கு ராத்திரி பயப்படாமத்தான் படுத்திருந்திருக்கா" என்றார் அம்மாசி. அவர் குரலில் ஆறுதலும் இல்லை, கோபமும் இல்லை. பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கட்டப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். அவ்வளவுதான்.

அன்றைக்கே, வீட்டுக்குப் பின்னால் வாழைக்கட்டை அடுக்கியிருந்த இடத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்க, அங்கேயே நின்றபடி பரிசு அலுவலகத்துக்கு எழுதினாள். கதையை எழுதியது முழுக்க முழுக்க மரிவிக்தான், புகார் பொய், அதை எழுதியது நான். அந்தக் கதையில் வரும் மகள் நான், அது வெளியே வருமே என்ற பயத்தில் அப்படிச் செய்தேன் என்று எழுதினாள். மன்னிப்புக் கேட்டாள். அதன் நகலை மரிவிக்குக்கும் அனுப்பினாள். மரிவிக் படித்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

*

பரிசு மரிவிக்குக்கே உறுதியானது. பொய்ப் புகாரைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டதால் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று ஆனந்தவள்ளிக்கு இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. நவம்பரில், விழா முடிந்த மறுநாள், மரிவிக் ஒரு படம் அனுப்பினாள். புதிதாகத் தைத்த நீல உடையில் அவள் அம்மா, பக்கத்தில் பதக்கத்தோடு மரிவிக். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனந்தவள்ளி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதேதோ எழுதி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் அவள் அம்மாவின் உடை அழகாக இருக்கிறது என்று மட்டும் அனுப்பினாள். அதற்கும் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சே இல்லை.

பிரான்சியிடமும் அவளே சொன்னாள், கோச்சிங் சென்டர் மாடிப்படியில் வைத்து. பிரான்சிக்கு முகம் செத்துவிட்டது. மாமாவிடம் சொல்லி நிறுத்திவிடுகிறேன் என்றாள். வேண்டாம், வரட்டும் என்றாள் ஆனந்தவள்ளி. தமிழில் சில இடங்களில் பிரான்சி தப்பாகப் புரிந்துகொண்டிருந்ததை இருவரும் உட்கார்ந்து திருத்தினார்கள். நோயாளியைக் குப்புறப் போடுவதைப் பிரான்சி வேறெப்படியோ எழுதியிருந்தாள். அதைத் திருத்தும்போது மட்டும் ஆனந்தவள்ளி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

இதழ் வந்ததும் ஒரு பிரதியை, கடிதம் எதுவும் வைக்காமல், வையம்பட்டி முகவரிக்குத் தபாலில் அனுப்பினாள். அண்ணன் அதைப் பிரித்துப் படிப்பான் என்ற நம்பிக்கையில் இல்லை. யாரோ டீக்கடையில் சொல்லிக் கேட்பதைவிட, கையில் வைத்துக் கிழித்துப் போடவாவது அது அவனிடம் போய்ச் சேரட்டும் என்றுதான்.

ஒரு வாரம் ஆயிற்று. இன்னொரு வாரமும் ஆயிற்று. அடுத்த தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. எழுதுவோமா என்பதே அவளுக்குத் தெரியாமல் இருந்தது. எழுதித் தேறினாலும், ஒருவர் விரலில் கருவியை மாட்டிவிட்டு வந்த எண்ணைத் தன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று யோசிப்பாள். வகுப்புக்குப் போவதை மட்டும் விடவில்லை.

வீரமலை கூப்பிட்டபோது அவள் தெற்குக் கோபுரத்துக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் கடையில் தேர்வு விண்ணப்பத்துக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் அண்ணன் பெயரைப் பார்த்ததும் காகிதங்களைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு ஓரமாக வந்து நின்றாள்.

எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"அந்தப் புஸ்தகத்தப் படிச்சேன்" என்றான். "மாமா பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. அப்புறம் நானே படிச்சேன்."

"ம்."

"அதுல கடைசில அம்மா கேக்குதே. மவன் சாப்புட்டுப் போனானான்னு கேட்டுட்டுத்தான் உசுரு போகுதுன்னு போட்டிருக்கு. நான் அப்ப அங்க இல்ல." பின்னால் ஏதோ டிராக்டர் ஓடும் சத்தம் கேட்டது. "அது நெசமா வள்ளி? இல்ல, அந்தப் புள்ள சேத்து எழுதுனதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனுக்கு வாழ்நாள் முழுவதும் அது போதும். அம்மா தன்னைக் கேட்டுத்தான் போனாள் என்று அவன் நிம்மதியாக இருப்பான். ஒருவேளை ஊருக்குத் திரும்பி வருவான். ஒருவேளை இவளையும் மன்னிப்பான். மரிவிக் எவ்வளவு நம்பும்படி எழுதியிருந்தாள் என்றால், ஆனந்தவள்ளிக்கே ஒரு கணம் அம்மா அப்படிக் கேட்டதாகக் காதில் விழுந்தது. நடந்தது அதுவல்ல. கடைசி ஒரு மணி நேரம் அம்மா கண்ணையே திறக்கவில்லை.

"இல்லண்ணே" என்றாள். "அது அவ எழுதுனது. அம்மா ஒண்ணும் சொல்லல. பேசுற நெலமையில இல்ல."

அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் தூரமாகப் போய் ஓய்ந்தது. போனை வைத்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சரி" என்றான் வீரமலை. அவன் அழுகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "என்ன நடந்துச்சோ அத நீ சொல்லு. மொதல்லேருந்து சொல்லு. எதையும் விடாத" என்றான்.

ஜெராக்ஸ் கடைக்காரர் காகிதங்களைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனந்தவள்ளி அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, கடைப்பக்கமாக முதுகைத் திருப்பிக்கொண்டு, காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.